கூழ் சிந்திய லேப்டாப்பும் கூடுதல் வாரண்டியும்

1993இல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்று. அப்பா எங்கள் ஊரான கெடாரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து என்னை நர்ஸ் படிப்பு வரைக்கும் படிக்கவைத்தவர். அந்தக் கேள்விக்கு எல்லா மாப்பிள்ளைகளும் இல்லை என்றுதான் சொல்லுவார்கள். கேட்பதும் ஒரு சடங்குதான், சொல்லுவதும் ஒரு சடங்குதான். இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பீடி குடிப்பேங்க. விட்டுட்லாம்னு ரெண்டு வருஷமா பாக்கறேன், முடியல" என்றார். கூட வந்திருந்த அவருடைய அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, இந்தப் பையனுக்கே கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார்.

என் கணவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். திண்டிவனத்தில் குடியிருந்தோம். நான் முதலில் அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிறகு அரசு வேலை கிடைத்து, கடைசியில் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற எந்த வண்டியும் அந்த வழியாகத்தான் போகும். சில நாள் அவர் வண்டியிலேயே போவேன். அப்போதும் என்னிடம் டிக்கெட்டுக்குக் கை நீட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியாது.

நான் அவரைப்போல இல்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். அதற்குக் காரணம் எங்கள் மிக்ஸி. கல்யாணமான புதிதில் விழுப்புரத்தில் வாங்கியது. வருடம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இட்லி மாவு அரைக்கும்போது புகைந்து நின்றுவிட்டது. கேரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் அட்டையில் இருந்த முத்திரையைப் பார்த்தார், மிக்ஸியை உள்ளே அனுப்பினார், டீ வரவழைத்துக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் புது மோட்டாரோடு திரும்பி வந்தது. ஒரு கேள்வி இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, டிவி எல்லாவற்றின் அட்டையையும் பத்திரப்படுத்தி வைத்தேன். அதில் ஒன்றைக்கூட அதற்குப் பிறகு வெளியே எடுக்க வேண்டி வரவில்லை. ஆனாலும் அவை வீட்டில் இருப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இன்ஜினியரிங் சேர்ந்தபோது லேப்டாப் வேண்டும் என்றாள். தனியார் பள்ளியில் படித்ததால் அரசு கொடுத்த இலவச லேப்டாப் அவளுக்குக் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக விழுப்புரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். அவள் எதை வாங்குவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து வந்திருந்தாள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. பில் போடுகிற இடத்தில் இருந்தவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். கம்பெனி கொடுப்பது ஒரு வருட வாரண்டி. இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் மேலும் இரண்டு வருடம் நீட்டித்துத் தருவார்கள். படிப்பு முடிகிற வரைக்கும் கிட்டத்தட்ட கவலை இல்லை.

மகள் வேண்டாம் என்றாள். அவளுடைய தோழிகள் யாரும் எடுக்கவில்லையாம், அது கடைக்காரர்கள் கமிஷனுக்காகச் சொல்லுவதாம். நான் எடுக்க வேண்டும் என்றேன். மிக்ஸிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதைப் பலமுறை கேட்டவள். என் கணவர் இரண்டு பக்கமும் பேசாமல், அந்த வாரண்டியின் நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்று படிக்க ஆரம்பித்தார். எல்லாம் பொடி எழுத்து இங்கிலீஷ். அவருக்கு இங்கிலீஷ் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் விரலை வைத்துப் படித்துக்கொண்டே இருந்தார்.

"இதுல தண்ணி கொட்டுனா, கீழ வுழுந்தா தர மாட்டோம்னு போட்டிருக்கே" என்றார் கடைசியில்.

அதற்குத் தனியாக ஒரு திட்டம் இருக்கிறது, அதற்கு இன்னும் அதிகம் ஆகும் என்றார் பில் போடுபவர். லேப்டாப் மேல் யார் தண்ணீர் கொட்டப் போகிறார்கள், சாதாரண வாரண்டி போதும் என்று நான் சொன்னேன். பணமும் நான்தான் கட்டினேன். அந்தத் தாளை என் கணவர் நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஒன்றும் நடக்காதது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பணம் கட்டிவிட்டு, அது வீணாகப் போகிறதே என்று தோன்றும். அதே சமயம் கெட்டுப்போகக் கூடாது என்றும் இருக்கும். இந்த இரண்டு நினைப்பும் ஒரே மனத்தில் எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை. ஆனால் இருந்தது.

இரண்டாவது வருடம், ஒரு காலையில் மகள் கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையால் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டு இன்னொரு கையால் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். கூழ் அன்றைக்குத் தண்ணியாக இருந்தது. சொம்பு சரிந்து, கீபோர்டின் வலது ஓரத்தில் கொஞ்சம் சிந்திவிட்டது. அவள் கத்தியதும் அவர்தான் ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டால் ஒற்றி எடுத்தார். லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தார்கள். நான் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாலையில் வந்தபோது அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கீபோர்டில் ஒரு பட்டன் மட்டும் கொஞ்சம் ஒட்டுகிறது என்றாள். அதோடு மறந்துவிட்டோம்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் திறந்தால் உயிரில்லை. சார்ஜர் போட்டாலும் விளக்கு எரியவில்லை. செமஸ்டர் நடுவில் இருந்தது. அவளுடைய ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான்.

சர்வீஸ் சென்டரும் விழுப்புரத்தில்தான். மூன்று பேருமாகவே போவது என்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முன்னால் மகள் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, அங்கே என்ன கேட்டாலும் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். "கூழ் கொட்டுனத யாரும் வாயத் தொறந்து சொல்லிக்கினு இருக்காதீங்க. அது எப்பவோ நடந்தது. அதுக்கப்புறம் நல்லாத்தான ஓடிச்சி" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு மாதம் நன்றாக ஓடிய பொருளுக்குப் பழைய கதை எதற்கு. சரி என்று தலையாட்டினேன். அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சர்வீஸ் சென்டர் ஒரு மாடியில் இருந்தது. முன்னால் ஒரு மேசை, அதில் ஒரு பெண், பக்கத்தில் வேலையாக இன்னும் இரண்டு பேர். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பில்லையும் வாரண்டித் தாளையும் வாங்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் நம்பரைப் போட்டு, இன்னும் காலம் இருக்கிறது என்றாள். என் மனசு குளிர்ந்தது. மிக்ஸிக் கடையில் நின்றதுபோலவே இருந்தது. பிறகு அவள் வழக்கமான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்போதிருந்து பிரச்சினை, கீழே விழுந்ததா, வெளியில் எங்காவது கொடுத்துப் பிரித்தீர்களா. எல்லாவற்றுக்கும் மகள் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அதெல்லாம் உண்மைதான். கடைசியாகத் தண்ணீர் ஏதாவது பட்டதா என்று கேட்டாள்.

"இல்ல மேடம்" என்றாள் மகள்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி கொஞ்சம் கூழ் கொட்டிச்சிம்மா. தொடச்சிட்டோம்" என்றார் அவர்.

மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"சார், நான் இன்னொரு தடவ கேக்கறேன். யோசிச்சிச் சொல்லுங்க. தண்ணி, டீ, அந்த மாதிரி எதுனா பட்டுச்சா?"

அவள் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறாள் என்பது எனக்கே புரிந்தது. நான் அவர் கையை லேசாகத் தொட்டேன்.

"பட்டுச்சும்மா" என்றார். "கேப்பக் கூழு. வலது பக்கம்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். எழுதின பிறகு, உள்ளே பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்வார்கள், ஆனால் கிடைப்பது கஷ்டம்தான் என்று சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் நிறையவே இருந்தது. மகள் எங்களோடு உட்காராமல் முன்னால் பெண்கள் பக்கம் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். விக்கிரவாண்டி தாண்டுகிற வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. எனக்குக் கோபம் நெஞ்சுவரைக்கும் இருந்தது. வாரண்டிக்குப் பணம் கட்டியது நான். அதை வைத்துப் பயன்பெற வேண்டிய ஒரே ஒரு நாளில் இவர் இப்படிச் செய்துவிட்டார். ஆனால் முழுதாகக் கோபப்பட முடியாமல் ஒன்று குறுக்கே நின்றது. அதற்கு முந்தின வாரம்தான், பூச்சிமருந்து குடித்த ஒரு பெண்ணை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எதைக் குடித்தாள், எவ்வளவு குடித்தாள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் புருஷன் வீட்டுக்காரர்கள் தலைவலி மாத்திரைதான் என்று சாதித்தார்கள். உண்மையைச் சொல்லுங்கள், இல்லையென்றால் எப்படி வைத்தியம் பார்ப்பது என்று நான் அவர்களிடம் கத்தினேன். கேட்கிற இடத்தில் நான் இருக்கும்போது உண்மை வேண்டியிருக்கிறது. சொல்லுகிற இடத்துக்கு வந்ததும் வேறு மாதிரி இருக்கிறது. உயிரும் லேப்டாப்பும் ஒன்றல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான பதில்தான். ஆனாலும் நான் அவரைத் திட்டவில்லை.

சில நாள் கழித்து மகளுக்குப் போன் வந்தது. பிரித்துப் பார்த்தார்களாம், உள்ளே கறை இருந்ததாம், வாரண்டி செல்லாதாம். மதர்போர்டு மாற்ற வேண்டும், அதற்கு ஆகிற செலவில் இன்னொரு லேப்டாப்பில் பாதியை வாங்கிவிடலாம். அவள் அதை என்னிடம் மட்டும் சொன்னாள். அப்பாவிடம் நீயே சொல்லிக்கொள் என்றாள். அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். தினமும் கல்லூரியிலேயே இருந்து, லேப் கம்ப்யூட்டரில் வேலையை முதலிலிருந்து செய்துவிட்டு, கடைசி பஸ்ஸில் வந்தாள்.

நான் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து அந்த நிபந்தனைத் தாளை எடுத்து, கண்டக்டர் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை அவருடைய டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் அந்தத் தாளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாராம். தினமும் வருகிற ஒரு கல்லூரி ஆசிரியரிடம் அதில் ஒரு வரியைக் காட்டி, இதற்குச் சரியான அர்த்தம் என்ன என்று கேட்டாராம். அவர் ஒன்று சொன்னாராம். அது போதாதென்று, கோர்ட்டுக்குப் போகிற ஒரு வக்கீல் குமாஸ்தாவிடமும் அதே வரியைக் காட்டினாராம். இரண்டு பேரும் ஒன்றையே சொன்ன பிறகுதான் தாளை மடித்து வைத்தாராம்.

அடுத்த வார ஓய்வு நாளில் தனியாக சர்வீஸ் சென்டருக்குப் போனார். இன்ஜினியர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த முறை எனக்கும் லீவு இருந்தது, கூடப் போனேன். சத்தம் போட்டுவிடுவாரோ என்ற பயம் இல்லை, அவருக்குச் சத்தம் போடத் தெரியாது. அவமானப்பட்டுத் திரும்புவார், அப்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதே பெண்தான் இருந்தாள். அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். அவர் தாளை அவள் முன்னால் விரித்து வைத்து, விரலால் ஒரு வரியைக் காட்டினார்.

"தண்ணியால ஆன சேதத்துக்குத் தர மாட்டோம்னு இதுல போட்டிருக்கும்மா. தண்ணி பட்ட மெஷினுக்கே தர மாட்டோம்னு போடல. ரெண்டு பேருகிட்ட கேட்டுட்டேன். கூழ் பட்டுதுன்னு நான் சொன்னேன். அதனாலதான் கெட்டுச்சின்னு நான் சொல்லல. அத நீங்கதான் பாத்து சொல்லணும்."

அவள் தாளைப் படித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் இன்ஜினியரைக் கூட்டிவந்தாள். அவருக்கு இது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. திரவம் பட்டிருந்தால் கேட்பதற்கே ஒன்றுமில்லை, பெங்களூர் ஹெட் ஆபீஸில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். என் கணவர் நகரவில்லை. கெட்டுப்போன இடம் எது, கூழ் பட்ட இடம் எது, இரண்டையும் ஒருமுறை காட்டினால் போய்விடுவதாகச் சொன்னார். அதை அவர் கெஞ்சியும் சொல்லவில்லை, மிரட்டியும் சொல்லவில்லை. சில்லறை பாக்கியை நினைவுபடுத்துகிற குரலில்தான் சொன்னார்.

கடைசியில் லேப்டாப் வெளியே வந்தது. அடிமூடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்கள். கீபோர்டுக்குக் கீழே வலது பக்கம் பழுப்பாக ஒரு கோடு காய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டுக் கூழ். அதை அப்படி ஒரு மெஷினுக்குள் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கெட்டுப்போனது எங்கே என்று அவர் கேட்டார். இன்ஜினியர் இடது பக்கம் பின்னால், சார்ஜர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் காட்டினார்.

"அங்க கறை இருக்குதுங்களா?"

இன்ஜினியர் விளக்கை இழுத்து வைத்து, குனிந்து நன்றாகவே பார்த்தார். அதுவரைக்கும் அவர் அந்த இடத்தை அந்தக் கேள்வியோடு பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பஞ்சால் துடைத்துப் பஞ்சையும் பார்த்தார். பிறகு "இல்ல" என்றார். இது சும்மாவே கெட்டுப்போகிற பாகம்தான், வேறு மெஷின்களிலும் வருகிறது என்றும் சொன்னார்.

"அப்ப அதையே எழுதிடுங்க. கறை இருக்கறதையும் எழுதுங்க. இங்க இல்லன்றதையும் எழுதுங்க."

அந்தப் பெண் போட்டோ எடுத்தாள். இந்த மேசையில் உட்கார்ந்த நாளாக, பட்டுச்சு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள். பிரித்தால் டீ இருக்கும், காப்பி இருக்கும், ஒருமுறை சாம்பாரே இருந்ததாம். அவர் மறைக்காமல் சொன்னதால்தான் இதை அனுப்பிப் பார்க்கத் தனக்குத் தோன்றுகிறது என்றாள். ஆனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

உடனே நல்லது நடந்துவிடவில்லை. பெங்களூரிலிருந்து முடியாது என்றே பதில் வந்தது. அவர் மறுபடி போனார். மறுபடி எழுதினார்கள். நடுவில் ஒரு முறை அந்தப் பெண் லீவில் இருந்தாள், வேறு யாரோ ஒருவர் அவரை நிற்கவைத்தே பேசி அனுப்பிவிட்டார். வீட்டில் நான் போதும் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஓய்வு நாள் எல்லாம் இதிலேயே போகிறது, விட்டுத்தொலையுங்கள், அது பேஜாரு பிடித்த விஷயம் என்றேன். அவர் விடவில்லை. மகளுக்குத் தேர்வு முடிந்து விடுமுறையும் விட்டாயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாள் போன் வந்தது. மதர்போர்டு வாரண்டியிலேயே மாற்றித் தருகிறார்கள். கீபோர்டு மட்டும் எங்கள் செலவு.

"அது நம்ம கொட்டுனதுதான" என்றார் அவர். கீபோர்டுக்குப் பணம் கட்டுவதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

லேப்டாப் வீட்டுக்கு வந்த அன்று மகள் அதைத் திறந்து பார்த்தாள். பழைய ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது. அதை அவள் ஏற்கெனவே புதிதாகச் செய்து முடித்துக் கொடுத்துவிட்டாள், இனி அதற்கு ஒரு வேலையும் இல்லை. அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அவரிடம் நேராகக் கேட்டாள், எத்தனையோ நாளுக்குப் பிறகு.

"ப்பா, அந்தம்மா ரெண்டாவது தடவயும் கேட்டாங்க இல்ல. அப்பயாச்சும் இல்லன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? இவ்ளோ அலைஞ்சிருக்க வேணாமே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "ரெண்டாவது தடவ கேட்டது நமக்காகத்தான்னு தெரிஞ்சிது" என்றார். "நான் இல்லன்னு சொல்லி, அந்தப் பொண்ணு இல்லன்னு எழுதும். அப்புறம் உள்ள பிரிச்சா கறை இருக்கும். மொதல்ல ஆமான்னு சொன்னத அங்க இன்னும் ரெண்டு பேரு கேட்டுக்கினு இருந்தாங்க. டிக்கெட் எடுக்காதவன் எறங்கிப் போய்க்கினே இருப்பான்மா. செக்கிங் வந்தா மெமோ எனக்குத்தான்."

நான் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மகளும் பார்த்திருக்கவில்லை. உண்மை பேச வேண்டும் என்ற வைராக்கியத்தில் அவர் இரண்டாவது தடவையும் அப்படிச் சொன்னார் என்றுதான் இத்தனை நாளும் நாங்கள் நினைத்திருந்தோம். அவள் கோபப்பட்டதும் அதற்குத்தான், நான் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டதும் அதற்குத்தான். அவர் நினைத்தது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளின் வேலையை. மகள் ரசம் வேண்டுமா என்று அவரைக் கேட்டாள்.

அந்த வாரண்டி லாபமா நஷ்டமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மதர்போர்டு மாற்றிக் கொடுத்தார்கள், அந்த வகையில் கட்டின பணத்துக்கு மேலேயே கிடைத்தது. ஆனால் கிடைத்தபோது மகளுக்கு அதன் அவசரம் போய்விட்டது. மிக்ஸிக் கடைக்காரர் முத்திரையைப் பார்த்தார், மோட்டாரைக் கொடுத்தார். அவரே கடைக்காரர், அவரே முடிவெடுப்பவர். இங்கே நாம் பணம் கட்டிய இடம் வேறு, போய் நிற்கிற இடம் வேறு, முடிவெடுக்கிற இடம் நாம் பார்க்காத ஏதோ ஓர் ஊர். அந்தத் தாளுக்குத் தானாக ஒரு பலமும் கிடையாது. அதைப் படித்து, அதில் எழுதியிருப்பதற்குக் கூடவும் கேட்காமல் குறையவும் கேட்காமல், திருப்பி அனுப்பினாலும் அடுத்த வாரம் போய் நிற்கிற ஒரு ஆள் வீட்டில் இருந்தால்தான் அது வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். நான் மட்டும் இருந்திருந்தால் முதல் போனோடு விட்டிருப்பேன்.

மகள் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். தன் சம்பளத்தில் புது லேப்டாப் வாங்கியதாகப் போனில் சொன்னபோது, கூடுதல் வாரண்டி எடுத்தாயா என்று கேட்டேன். எடுக்கவில்லை என்றாள்.

"எடுத்தா அதுக்குப் போய் நிக்கணும்மா. எனக்கு லீவும் கெடைக்காது, அப்பா மாதிரி பொறுமையும் கெடையாது. கெட்டா கெடட்டும், பாத்துக்கலாம்."

அவரிடம் சொன்னேன். அவள் சொல்லுவதும் சரிதான் என்றார். எனக்குத்தான் சில நாள் மனசு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், தம்பிக்கு லேப்டாப் வாங்கப் போவதாகச் சொல்லி, வாரண்டியை நீட்டிக்கச் சொல்லுகிறார்களே, எடுக்கலாமா என்று என்னைக் கேட்டாள். நான் கூழ் கொட்டியதிலிருந்து ஆரம்பித்தேன். அவளுக்கு டூட்டி மாற்றுகிற நேரம். "அக்கா, ஜல்தியா சொல்லுங்க. எடுக்கலாமா வேணாமா?" என்றாள்.

கெட்டுப்போனால் உங்கள் வீட்டிலிருந்து யார் போய்க் கேட்பார்கள் என்று கேட்டேன். அவள் அதை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. எடுத்த மருந்துத் தட்டை மறுபடி மேசையில் வைத்தாள்.

"எங்க பெரியம்மாதான்க்கா. ரேஷன் கடையில கோதுமை இல்லன்னு சொன்னா, இருக்கற மூட்டைய எண்ணிட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க."

"அப்ப எடு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஊசி போடப் போனாள்.